ஓட்டமும் வீட்டுக் கணக்கும்

ஒடிசாவைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த், தம் ஊர்ப் பெண் ஒருவரைக் காதலிப்பதாகவும் அவருடனேயே வாழ விரும்புவதாகவும் கூறிய நேர்காணல் 2019 மே 19 அன்று ஆங்கில நாளேடு ஒன்றில் வெளியானது. சர்வதேசப் போட்டிகளில் நாட்டுக்காகக் களமிறங்கிக்கொண்டிருந்த இந்தியர் ஒருவர் தம் தன்பாலீர்ப்பை வெளிப்படையாக அறிவித்தது அதுவே முதல்முறை என்று அப்போது பதிவாயிற்று. ஆண் ஆண்மீதும் பெண் பெண்மீதும் காதல் கொள்ளும் இயல்பே தன்பாலீர்ப்பு எனப்படுகிறது. அச்செய்தி வருவதற்கு இரண்டு நாள் முன்பு, மே 17 அன்று, ஆஸ்திரேலிய ரக்பி அமைப்பு தன் நட்சத்திர வீரர் இஸ்ரேல் ஃபோலாவின் ஒப்பந்தத்தை ரத்து செய்திருந்தது. தன்பாலீர்ப்பாளர்கள் உள்ளிட்டோருக்கு நரகமே கிட்டும் என்று அவர் சமூக வலைத்தளத்தில் எழுதியதே அதற்குக் காரணம். ஒரு நாட்டில் தன்பாலீர்ப்பாளர்களைப் பழித்தவர் வேலையிழந்த அதே வாரத்தில், மற்றொரு நாட்டில் தம் தன்பாலீர்ப்பைச் சொன்னவர் வேலையை இழக்கவில்லை. ஆனால் பிறந்த வீட்டோடு மோத வேண்டியவரானார்.

இத்தகைய அறிவிப்புகளை வீரரின் துணிச்சல் என்ற ஒன்றைக் கொண்டே அளப்பது பத்திரிகை வழக்கம். அவ்வளவுகோல் பெரும்பாலும் போதாது. ஒரு வீரர் தம் வாழ்வை வெளியே சொல்வது அவருடைய ஆட்ட வாழ்வின் எந்தக் கட்டத்தில் நிகழ்கிறது, அவருடைய வருமானத்தை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள், அவருக்குச் சம்பளம் தருவது யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகுதான், சொல்லியவர் எதை இழக்கத் துணிந்தார் என்பது புலப்படும். இக்கேள்விகளோடு டூட்டி சந்தின் வாழ்வைப் படிப்பதற்கு, அவருக்கு முன்பே இதே வாயிலைக் கடந்த ரக்பி வீரர்களின் வரலாறு உதவுகிறது.

ரக்பி, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சென்று தரையில் வைக்கும் ஆட்டம்; பந்தைக் கையால் முன்னோக்கி வீசக் கூடாது, ஏந்தி ஓடுபவரை எதிரணியினர் இடுப்பையும் காலையும் பிடித்து வீழ்த்தலாம். மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கரிசல் மண்ணில் பாடி வருபவரை மடக்கிப் பிடிக்கும் கபடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் உடல்மொழி அந்நியமாகத் தோன்றாது. இந்தியாவுக்கும் இவ்வாட்டத்துக்கும் உள்ள தொடர்பும் பழையது. 1870களில் கல்கத்தாவில் ஆங்கிலேயர் நடத்திய ரக்பிக் கழகம் ஆள் குறைந்து கலைக்கப்பட்டபோது, வங்கிக் கணக்கிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பையாக வார்த்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் இன்றுவரை அந்தக் கல்கத்தாக் கோப்பைக்காகவே மோதுகின்றன. நம் நாட்டிலோ 2025 ஜூனில்தான் ரக்பிக்கென ஒரு தொழில்முறைத் தொடர் மும்பையில் தொடங்கி, சென்னையின் பெயரிலும் ஓர் அணி இறங்கியது.

ரக்பியில் இரு வகை உண்டு; அவை பிரிந்ததும் கூலிக் கணக்கால்தான். பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன், ஆட்டத்துக்குப் பணம் வாங்கக் கூடாது என்ற கொள்கையை நெடுங்காலம் கட்டிக்காத்தது. சனிக்கிழமைகளில் ஆடப் போனால் சுரங்கத்திலும் ஆலையிலும் அன்றைய கூலி போய்விடும் என்பதால், இழந்த கூலியையாவது ஈடுசெய்ய வேண்டும் என்று வட இங்கிலாந்துக் கழகங்கள் கேட்டன. கிடைக்காதபோது 1895இல் தனியே பிரிந்தன. அவ்வழியில் வந்ததே பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக். தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் செய்த வேலையின் அளவுக்கேற்பக் கூலி வாங்கும் சிவகாசிப் பகுதிக் குடும்பங்களுக்கு, ஒரு நாள் ஆட்டம் என்பது ஒரு நாள் அடுப்பு என்ற இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. ரக்பி யூனியன் தன் வீரர்களுக்கு ஊதியம் தர வெளிப்படையாக இசைந்தது அதற்கு நூறாண்டு கழித்து, 1995இல்.

அதே 1995இல் ரக்பி லீக்கின் ஆஸ்திரேலிய வீரர் இயன் ராபர்ட்ஸ், ஆடிக்கொண்டிருக்கும்போதே தாம் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தார். தேசிய அணிக்கு ஆடியவர், முன்கள வீரர், எதிராளிகள் அஞ்சும் உடற்கட்டுடையவர். தன்பாலீர்ப்புடைய ஆண் மென்மையானவனாகவே இருப்பான் என்ற பொதுப்புத்தியை அவர் தோற்றமே கேள்வி கேட்டது. எனினும் அவரைப் பின்தொடர்ந்து வேறு பெயர்கள் உடனே வந்துவிடவில்லை; ரக்பி யூனியனில் உலகறிந்த ஒரு வீரர் வாய் திறக்க மேலும் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன.

அவ்வீரர் வேல்ஸ் நாட்டின் கேரத் தாமஸ். பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸில், நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்குகளின் உழைக்கும் மக்கள் ரக்பியை வழிபாட்டுக்கு அடுத்த நிலையில் வைத்திருப்பவர்கள். பிரிட்ஜெண்ட் நகருக்கு அருகிலுள்ள சார்ன் என்ற ஊரில் 1974இல் பிறந்து, தொடக்கத்தில் தபால்காரராக வேலைபார்த்த தாமஸ், 1995 உலகக் கோப்பையில் ஜப்பானுக்கு எதிராக வேல்ஸ் அணியில் அறிமுகமாகி, அந்த முதல் ஆட்டத்திலேயே மூன்று முறை எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி ஈட்டினார். வேல்ஸுக்காக நூறு சர்வதேசப் போட்டிகள் ஆடிய முதல் ஆண் வீரர் அவர். 2005இல் வேல்ஸ் ஆறு நாடுகள் தொடரில் ஒரு போட்டியும் தோற்காமல் வென்றபோது அணித்தலைவராக இருந்தார். அவ்வாண்டே பிரான்சின் துலூஸ் கழகத்துடன் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றார். பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் கூட்டணியான லயன்ஸ் அணிக்கும் அதே ஆண்டு, தலைவர் காயமுற்று விலகியதால், தலைமையேற்றார்.

இத்தனை ஆண்டுகளும் அவர் மணமானவராக வாழ்ந்தார். மனைவியை அவர் நேசித்ததில் பொய்யில்லை என்றாலும், ஆண்கள்மீதே தமக்கு ஈர்ப்பு என்பதை இளவயதிலேயே அறிந்திருந்தார். அதை மறைப்பதற்காகக் களத்திலும் வெளியிலும் மிகையான முரட்டுத்தனத்தைப் பூண்டதாகவும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை சென்றதாகவும் பின்னாளில் அவரே எழுதியும் பேசியும் இருக்கிறார். 2006இல் மணவாழ்வு முறிந்த வேளையில், கார்டிஃப் அரங்கின் உடைமாற்றும் அறையில் நிலைகுலைந்திருந்த அவரிடமிருந்து பயிற்சியாளர் ஸ்காட் ஜான்சன் விஷயத்தைக் கேட்டறிந்தார். தனியாகத் தாங்க முடியாது என்று கண்டு, அணியின் இரு மூத்த வீரர்களான ஸ்டீஃபன் ஜோன்ஸ், மார்ட்டின் வில்லியம்ஸ் இருவரிடம் மட்டும் அதைச் சொல்லி அவருக்குத் துணையாக இருக்கச் செய்தார். உலகுக்குச் சொன்னது 2009 டிசம்பரில், 35ஆம் வயதில். இடைப்பட்ட மூன்றாண்டுகளும் அணியினர் வாய்மூடிக் காத்தது, குழு விளையாட்டைப் பற்றி நிலவும் அவநம்பிக்கைக்கு ஓரளவு பதில் சொல்கிறது.

அவர் பேசியபோது நூறு போட்டிகள் முடிந்துவிட்டன, கோப்பைகள் வந்துவிட்டன, ஆட்ட வாழ்வு மாலை வெயிலில் இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. இது குறையாகச் சொல்லப்படுவதன்று. ஓர் அணியில் இடம் என்பது பயிற்சியாளர், தேர்வாளர், விளம்பரதாரர், ரசிகர் என்று பலருடைய விருப்பத்தைச் சார்ந்தது ஆகையால், குழு விளையாட்டில் இருப்பவர் இழக்கக்கூடியதை எண்ணிப் பார்க்கும் வரை காத்திருப்பது இயல்பே. 2010இல் அவர் ரக்பி லீக்குக்கு மாறி ஆடிய ஒரு போட்டியில், காஸில்ஃபோர்டு கழகத்தின் ரசிகர்கள் அவரை இழிவாகக் கூவினர். ரசிகர்களைத் தடுக்கத் தவறியதற்காக அக்கழகத்துக்கு லீக் நிர்வாகம் 40,000 பவுண்டு அபராதம் விதித்தது. கூட்டத்தின் கூச்சலுக்கு இப்படி ஒரு விலை வைக்கப்பட்டது, பல கருத்தரங்குகளைவிடப் பயன்தந்திருக்கக்கூடும். 2011இல் ஓய்வுபெற்ற தாமஸ், 2019 செப்டம்பரில் தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதையும் அறிவித்தார். செய்தியாளர்கள் முந்திக்கொள்வார்கள் என்ற அச்சத்தில் வெளியிடப்பட்ட அந்த அறிவிப்புக்கு மறுநாளே, நீச்சல், மிதிவண்டி, மாரத்தான் ஓட்டம் மூன்றும் அடங்கிய அயர்ன்மேன் போட்டியை முழுமையாக முடித்தார். தொற்று தொடர்பாக முன்னாள் துணைவர் ஒருவர் தொடுத்த வழக்கை 2023இல், குற்றத்தை ஏற்காமல், பணம் கொடுத்து முடித்துக்கொண்டதும் அவர் வாழ்வின் ஒரு பகுதியே. வெளிப்படையாக வாழ்பவர் எல்லாரும் மாசற்ற முன்மாதிரியாகிவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வேறொரு சுமை.

ரக்பியின் அண்மை வரலாற்றில் மேலும் சில பெயர்கள் சேர்ந்துள்ளன. 2015 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் நடுவர் நைஜல் ஓவன்ஸ் தம் தன்பாலீர்ப்பை முன்பே அறிவித்தவர்; நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணிக்கு ஆடியவர்களில் முதலாமவராகக் கேம்பெல் ஜான்ஸ்டோன் 2023 ஜனவரியில், ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பின், பேசினார். தமிழர்களும் வாழும் இலங்கையில் கண்டியிலும் கொழும்புப் பள்ளிகளிலும் ரக்பி பெரும் ஆரவாரத்தோடு ஆடப்பட்டாலும், அங்கே தன்பாலுறவைக் குற்றமாக்கும், பிரிட்டிஷார் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படாமல் இருக்கின்றன.

டூட்டி சந்தின் நிலை இவற்றிலிருந்து இரு வகைகளில் வேறுபட்டது. முதலாவது, அவர் ஆடுவது தனிநபர் விளையாட்டு. நூறு மீட்டர் ஓட்டத்தில் தேர்வாளரின் விருப்புவெறுப்பைவிடக் கடிகாரத்தின் தீர்ப்பு வலியது. இரண்டாவது, அவர் பேசியது 23ஆம் வயதில், ஆட்ட வாழ்வின் உச்சத்தில், தம் உழைப்பை நம்பி ஒரு பெரிய குடும்பம் இருந்த காலத்தில்.

ஜாஜ்பூர் மாவட்டத்தின் சாக்கா கோபால்பூரில் 1996 பிப்ரவரி 3 அன்று பிறந்தவர் டூட்டி. தந்தை சக்ரதர், தாய் அகுஜி இருவரும் நெசவாளர்கள், பிள்ளைகள் எழுவர். தறி ஓடினால்தான் உலை கொதிக்கும் என்ற இந்த வாழ்வை அருப்புக்கோட்டைத் தெருக்கள் நன்கறியும். ஓட்டத்தில் சிறந்து, அதன் வழியாகவே காவல்துறை வேலை பெற்ற மூத்த சகோதரி சரஸ்வதிதான் தங்கையைத் தடத்துக்கு அழைத்துவந்தவர். இருவரும் 2006இல் அரசு விளையாட்டு விடுதியில் சேர்ந்தனர். விடுதி என்றால் உணவு, உடை, படிப்பு மூன்றும் அரசுப் பொறுப்பில் கிடைக்கும், வீட்டில் சாப்பிடும் வாய் ஒன்று குறையும், நன்றாக ஓடினால் பின்னர் ஒரு சம்பளமும் வரும். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் கபடி ஆடும் பிள்ளைகள் காவல்துறை, ரயில்வே, வங்கி அணிகளை எண்ணி ஆடுவதற்கும் இதே காரணம்தான். விளையாட்டு ஒதுக்கீடு என்பது ஏழை வீட்டைப் பொறுத்தவரை பதக்கத்தைவிடப் பெரிய பரிசு.

2013இல் புணேயில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 200 மீட்டரில் வெண்கலம் வென்று, அவ்வாண்டே உலக இளையோர் போட்டியின் 100 மீட்டர் இறுதிச்சுற்றையும் எட்டிய டூட்டி, 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுக்குப் புறப்படவிருந்த நேரத்தில் அணியிலிருந்து நீக்கப்பட்டார். காரணம் ஹைப்பர்ஆண்ட்ரோஜெனிசம், அதாவது பெண்ணின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் போன்ற இயக்குநீர்கள் இயற்கையாகவே வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுரக்கும் நிலை. அவ்வாறுள்ள பெண்கள் மருந்தாலோ அறுவையாலோ அவ்வளவைக் குறைத்தாலன்றிப் பெண்கள் பிரிவில் ஓட முடியாது என்பது சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 2011இல் வகுத்த விதி. இந்த உடல்நிலைக்கும் ஒருவர் யாரைக் காதலிக்கிறார் என்பதற்கும் எத்தொடர்பும் இல்லை. ஆயினும் பின்னர் டூட்டியின் காதல் செய்தி வந்தபோது, பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, அப்போதே தெரிந்ததுதானே என்று பேசினார்கள். அக்குழப்பம் அறியாமையிலிருந்து பிறந்தது என்றாலும் அதன் கொடுமை குறைவானதன்று.

தமிழ்நாட்டுக்கு இவ்விவகாரம் புதிதுமன்று. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளரின் மகள், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற கையோடு பாலினச் சோதனையில் தேறவில்லை எனப் பதக்கத்தை இழந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் தாமும் சூளையில் வேலைசெய்ய நேர்ந்து, நெடுநாள் கழித்தே பயிற்சியாளராக நிலைபெற்றார். அவருக்காக வழக்காட அப்போது எவரும் முன்வரவில்லை. டூட்டிக்கு வாய்த்த வேறுபாடு அதுதான்: ஆய்வாளர் பயோஷ்ணி மித்ராவின் வழிகாட்டலும், கட்டணம் வாங்காமல் வாதாடிய கனடா நாட்டு வழக்கறிஞர்களும், அரசின் விளையாட்டுத் துறை ஆதரவும் அவரைச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை கொண்டுசேர்த்தன. இயற்கையாகச் சுரக்கும் கூடுதல் டெஸ்டோஸ்டிரோன், அப்பெண்களை விலக்கிவைப்பதை நியாயப்படுத்தும் அளவுக்கு அனுகூலம் தருகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2015 ஜூலையில் அந்நீதிமன்றம் விதியை நிறுத்திவைத்தது. ஹைதராபாத்தில் புல்லேலா கோபிசந்தின் பயிற்சியகத்தில் இடம்பெற்று, பயிற்சியாளர் நாகபுரி ரமேஷின் மேற்பார்வையில் தொடர்ந்து ஓடிய டூட்டி, 2016 ஜூனில் கஜகஸ்தானின் அல்மாட்டியில் 11.30 விநாடியில் ஓடி ரியோ ஒலிம்பிக்குத் தகுதிபெற்றார். 1980இல் பி.டி. உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓடிய முதல் இந்தியப் பெண் அவரே.

2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 100 மீட்டரில் 11.32 விநாடி, 200 மீட்டரில் 23.20 விநாடி என இரண்டு வெள்ளிகள் வந்தன. ஒடிசா அரசு வெள்ளி ஒன்றுக்கு 1.5 கோடி வீதம் 3 கோடி ரூபாய் பரிசளித்தது. தறிக்குழியிலிருந்து எழுந்த ஒரு குடும்பத்தின் கணக்கு ஒரே வாரத்தில் தலைகீழானது. குடும்பத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கும் இடத்துக்கு வந்துவிட்ட மகள் தன் வாழ்வைத் தானே தீர்மானிப்பாளா என்ற கேள்வியும் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தது. அடுத்த மாதமே, செப்டம்பர் 6 அன்று, மனமொத்த வயதுவந்தோரின் தன்பாலுறவைக் குற்றமாக்கி வைத்திருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை அந்த அளவில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு ரத்து செய்தது. தாம் பேசத் துணிந்ததற்கு அத்தீர்ப்பும் ஒரு காரணம் என்று டூட்டி பின்னர் குறிப்பிட்டிருக்கிறார்.

2019 மே மாத அறிவிப்புக்குப் பின், காதலியின் பெயரை அவர் வெளியிடவில்லை. அப்பெண்ணைத் தேவையற்ற கவனத்திலிருந்து காக்க வேண்டும் என்றார். அக்கட்டுப்பாட்டை மற்றவர்கள் காட்டவில்லை. தங்கள் நெசவாளர் சமூகம் இத்தகைய உறவை ஏற்காது, உறவினர் முகத்தில் எப்படி விழிப்பது என்று தாய் செய்தியாளர்களிடம் வருந்தினார். தங்கையைத் தடத்துக்கு அழைத்துவந்த மூத்த சகோதரியோ, காதலியின் தரப்பு டூட்டியின் சொத்தையும் பணத்தையும் குறிவைத்து அழுத்தம் கொடுக்கிறது என்று தொலைக்காட்சிகளில் பேசினார். வீட்டிலிருந்து வந்த மிரட்டலே தம்மை ஊரறியப் பேச வைத்தது என்று டூட்டி பதிலளித்தார். யார் சொன்னது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்பதற்கில்லை. இருதரப்பும் வாதாடியது பெரும்பாலும் பணத்தைப் பற்றியே என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. மகன் வேறு சாதியில் மணந்தாலும், சம்பாதிக்கும் மகள் மணமே வேண்டாம் என்றாலும் நம் வீடுகளில் எழும் சச்சரவுக்கும் இதற்கும் உருவத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வருமானம் எந்தத் திசையில் போகும் என்ற கவலை, மானம், சாதி, மரபு என்ற உடைகளில் வந்து நிற்பது புதிய செய்தியா என்ன?

தடகள உலகம் அவரைத் தண்டிக்கவில்லை. அறிவிப்புக்கு இரண்டு மாதம் கழியும் முன்பே, 2019 ஜூலையில், இத்தாலியின் நேப்பிள்ஸில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டின் 100 மீட்டரில் அவர் தங்கம் வென்றார்; அப்போட்டியில் அந்த ஓட்டத்தில் தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயரும் சேர்ந்தது. 2020இல் அர்ஜுனா விருது வந்தது. 2021 ஜூனில் பாட்டியாலாவில் 11.17 விநாடி என்ற தேசியச் சாதனை வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் மட்டும் இரு ஓட்டங்களிலும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டின் தொடக்க விழாவில், தன்பாலுறவைப் பல காமன்வெல்த் நாடுகள் இன்னும் குற்றமாக வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டும் வகையில் பிரிட்டன் டைவிங் வீரர் டாம் டேலியுடன் வானவில் கொடி ஏந்திச் சென்றவர்களுள் அவரும் ஒருவர்.

இடையில் 2020இல் தம் பி.எம்.டபிள்யூ காரை விற்கப் போவதாக அவர் முகநூலில் அறிவித்து, அது பயிற்சிச் செலவுக்காகவா என்ற விவாதம் எழுந்தபோது, 2015 முதல் அவருக்கு மொத்தம் 4.09 கோடி ரூபாய் வழங்கியிருப்பதாக ஒடிசா அரசு அறிக்கையே வெளியிட்டது. அதில் 3 கோடி ஆசிய விளையாட்டுப் பரிசு; மீதி பயிற்சி உதவியும், ஒடிசா சுரங்கக் கழகத்தின் வழியாகச் சென்ற பணமும். அக்கழகமே அவருக்கு அதிகாரி வேலையும் தந்திருந்தது. பரிசாகக் கொடுத்ததைக் கணக்குக் காட்டித் திரும்பச் சொல்வது கொடுத்தவரின் கையைச் சற்றுச் சிறிதாக்கத்தான் செய்தது. ஆயினும் இந்த அறிக்கை ஒன்றைத் தெளிவாக்கியது: கேரத் தாமஸுக்குக் கழகமும் ரசிகரும் விளம்பரமும் சம்பளம் கொடுத்தன என்றால், இந்திய வீரருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. ரசிகரின் வெறுப்பால் வேலை போகாது என்பதே அரசு வேலையின் அரண். 2019இல் டூட்டிக்கு இல்லாமல் போன பயங்களில் ஒன்று வேலையிழப்பு. தனியார் முதலீட்டில் ஏலம் நடக்கும் கிரிக்கெட், கபடித் தொடர்களில் ஆடுபவருக்கு அந்த அரண் கிடையாது. இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் விக்கெட் காப்பாளர் ஸ்டீவன் டேவிஸ் 2011இலேயே, ஆடிக்கொண்டிருக்கும்போது, தம் தன்பாலீர்ப்பை அறிவித்தும், நம் நாட்டு ஆண்கள் கிரிக்கெட்டில் அது ஒரு பேச்சாகக்கூட வளராததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

2022 டிசம்பரில் போட்டிக்கு வெளியே எடுக்கப்பட்ட இரு மாதிரிகளில், தசை வளர்ச்சிக்கு உதவும் தடைசெய்யப்பட்ட சார்ம்ஸ் வகை மருந்து இருப்பது கண்டறியப்பட்டு, 2023 ஜனவரி 3 முதல் நான்காண்டுகளுக்கு டூட்டி தடைசெய்யப்பட்டார். உடலியக்கச் சிகிச்சையாளர் பரிந்துரைத்ததை அறியாமல் உட்கொண்டதாக அவர் தரப்பு வாதிட்டது ஏற்கப்படவில்லை. இது அவருடைய காதலோடோ 2014 வழக்கோடோ தொடர்புடையதன்று. ஊக்கமருந்து விதி எல்லாருக்கும் பொதுவானது. முப்பது வயதைத் தாண்டியபின் ஓட்டக்காரர் ஒருவர் பழைய வேகத்தை மீட்பது அரிது என்பதால், அவருடைய ஆட்ட வாழ்வின் பெரும்பகுதி முடிந்துவிட்டதாகக் கொள்வதில் தவறில்லை.

எஞ்சியிருப்பது வாழ்வு, அதோடு ஒரு பெண் மற்றொரு பெண்ணோடு வீடு நடத்துவதைச் சட்டம் எந்த அளவு ஒப்புகிறது என்ற கேள்வி. இதில் தமிழ்நாடு சற்று முன்னே சென்றிருக்கிறது. பெற்றோரின் புகாரால் காவல்துறையின் தொல்லைக்கு உள்ளான மதுரை இளம்பெண்கள் இருவர் தொடுத்த வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இப்பொருளில் புரிதல் போதவில்லை என்று கூறி உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே 2021 ஜூன் 7 அன்று ஆணையிட்டார். தன்பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் போலிச் சிகிச்சைகளைத் தடைசெய்தார். அதைத் தொடர்ந்து 2022இல், இம்மக்களைத் துன்புறுத்துவது காவலரின் நடத்தை விதிகளிலேயே குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 2023 அக்டோபர் 17 அன்று தன்பாலினர் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2025 மே மாதம், பெற்றோரால் தடுத்துவைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணின் வழக்கில், திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று, தாமே தேர்ந்த குடும்பமும் குடும்பமே என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு கூறியது. அப்பெண்ணைப் பெற்றோரோடு போகச் சொன்ன காவலரையும் கண்டித்தது.

பணக் கணக்கில் இதன் நிலை அரைகுறையாகவே உள்ளது. தன்பாலினத் துணைவர்கள் இருவர் பெயரிலும் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், ஒருவர் மற்றவரை நியமனதாரராகக் குறிக்கவும் தடையில்லை என்று ஒன்றிய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. ஒரே குடும்ப அட்டையில் இருவரும் இடம்பெறலாம் என்று உணவுத் துறையும் மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால் ஊழியர் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில், தன்னைச் சார்ந்திருக்கும் பெற்றோர் உள்ள ஊழியர் குடும்ப வரையறைக்கு வெளியே ஒருவரைக் குறித்தால் அந்த நியமனம் செல்லாது. அவ்வரையறையில் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர்க்கு இடமுண்டு, பெண்ணோடு வாழும் பெண்ணுக்கு இடமில்லை. விளையாட்டால் வேலை பெற்ற ஒரு வீராங்கனை இருபது ஆண்டுகள் பணியாற்றி அந்நிதியில் சேர்த்த சேமிப்பு, தன்னைச் சார்ந்த பெற்றோர் இருக்கையில் அவர் இறந்தால், இன்றைய விதிப்படி உடன் வாழ்ந்த பெண்ணைத் தாண்டிப் பிறந்த வீட்டுக்கே போகும்.